இடது நில், வலது போ

புக்கிட் பெலிம்பிங்கில் வைரவநாதர் வீட்டு முன்கூடத்தில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரரும் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற பெரிய கிராணியுமான வைரவநாதர், அவர் மனைவி தங்கரத்தினம், விலா எலும்பு முறிந்து நெஞ்சைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்த, பள்ளி ஆசிரியரான தம்பி மகாதேவா, மகாதேவாவின் மனைவி வாகீஸ்வரி, அவர்களுடைய ஒரே மகள் கமலாதேவி, அவளுடைய கலியாணத்தைப் பேசி முடித்தவரும் தங்கரத்தினத்தின் தம்பியுமான கதிரவேலு. வேறு ஒருவரும் இல்லை. அன்று தாமும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணையும் சந்தைக்கு அனுப்பிவிட்டுத்தான் வைரவநாதர் கதவைச் சாத்தினார்.

எண்பத்தாறாம் ஆண்டு, வைகாசி மாதம். பேச வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். வருகிற வெள்ளிக்கிழமை, சபாக் பக்கத்துத் தோட்டத்தில் நடக்கவிருக்கும் விசாரணையில் மகாதேவா என்ன சொல்லப் போகிறார்?

நடந்தது இது. கமலாதேவிக்குச் சிரம்பானில் கார்த்திகேசுவின் மகன் நிச்சயமாகியிருந்தான். மாப்பிள்ளை டாக்டர். அவர்களுடைய மூத்த உறவினர் ஒருவர் சபாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தார். மாப்பிள்ளை வீட்டாரின் மூத்த உறவுக்கு நேரில் போய்க் குங்குமம் வைத்துச் சொல்லாமல் வேறெவருக்கும் அழைப்பு வைப்பதில்லை என்பது வழக்கம். அந்த வழக்கத்தை நிறைவேற்றத்தான் மகாதேவா தமது காரை ஓட்டிக்கொண்டு வடக்கே போனார். சொல்லிவிட்டு வேறு வழியாகத் திரும்பி வரும்போது, ஆலைக்குப் பக்கத்தில் தோட்டச் சாலையைத் தண்டவாளம் குறுக்கிடுகிற இடத்தில், பழக்குலை ஏற்றிய பெட்டிகளை இழுத்து வந்த லோகோ என்ற சின்ன ரயில் எஞ்சின் அவர் காரின் பின்பக்கத்தில் மோதியது. கார் வாய்க்காலில் இறங்கியது. லோகோ தண்டவாளத்தை விட்டுச் சாய்ந்தது. அதை ஓட்டிவந்த அமலதாஸின் வலது கால் அதன் அடியில் அகப்பட்டது. ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்தக் கடவையில் ஒரு விளக்கு உண்டு. லோகோ வருமுன் அதை ஓட்டுபவன், தண்டவாளத்தை ஒட்டிய கம்பத்திலுள்ள சுவிட்சை அமுக்க வேண்டும். அமுக்கினால் சாலைக்குச் சிவப்பு எரியும். அமுக்காவிட்டால் பச்சை எரிந்தபடி இருக்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

மகாதேவா போலீசிடம் சொன்னது: விளக்கு போகச் சொல்லித்தான் எரிந்தது. அப்படியானால் அமலதாஸ் சுவிட்சை அமுக்கவில்லை. தாம் அமுக்கியதாக அமலதாஸ் சொன்னார். ஆங்கிலம் கற்பிக்கிற வாத்தியார் சொல் ஒரு பக்கம், லோகோ ஓட்டுகிறவர் சொல் மறுபக்கம். தராசு எந்தப் பக்கம் தாழும் என்று யாரும் நிறுத்துப் பார்க்கத் தேவையில்லை. விசாரணையில் குற்றம் அமலதாஸ் மேல் விழுந்தால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். ஒற்றைக் காலோடு அந்த மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவார்?

தம்பியின் சொல் தவிர இதெல்லாம் வைரவநாதருக்கு முதலில் தெரியாது. தம்பியின் காரில் மோதி ஒருவருக்குக் கால் போயிற்று என்றால், குற்றம் யாருடையது ஆனாலும் போய்ப் பார்ப்பதுதான் மரியாதை என்று எண்ணி, வெள்ளைக் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே அமலதாஸின் மனைவி கான்ஸ்டன்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க கிராணி. கால பாக்க வந்தீங்களா, காலு இருந்த எடத்தப் பாக்க வந்தீங்களா?"

வைரவநாதரிடம் அப்படிப் பேசியவர்கள் அதுவரை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்ட அலுவலகத்தை நடத்தியவர் அவர். அவருடைய நிழல் கண்டால் வேலையாட்களை மேய்க்கிற மண்டோர்கள் சுருட்டை அணைப்பார்கள். ஆனாலும் கட்டிலில் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்த பிறகு அவருக்குக் கோபம் வரவில்லை. தமது தம்பி பொய் சொல்லுகிறவன் அல்ல என்று மட்டும் சொன்னார்.

"அப்ப எங்காளு பொய் சொல்றாரு," என்றாள் கான்ஸ்டன்ஸ். "கிராணி வூட்டுல பொய்யே கெடையாது. லயத்துல பொறந்தவனுக்குத்தான் அது பால்குடியோட வரும்லா."

அமலதாஸ் அவளைக் கையமர்த்தினார். முகம் மெழுகுபோல் வெளுத்திருந்தது. "நான் அமுக்குனேன் ஐயா. மாதா சத்தியமா அமுக்குனேன். நான் வேற என்னா சொல்ல?"

ஆரஞ்சுப் பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு வைரவநாதர் வெளியே வந்தார். பொய் சொல்லுகிற முகங்களை அவர் தம் மேசைக்கு முன்னால் நிறையப் பார்த்தவர். காய்ச்சல் என்று சொல்லி விடுப்புக் கேட்கிறவன் முகம், ரப்பர் மரத்தில் பால் வெட்டாமலே வெட்டியதாகச் சொல்லுகிறவன் முகம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அமலதாஸின் முகத்தில் அது இல்லை. மகாதேவாவின் முகத்திலும் இல்லை. இரண்டு மனிதர் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சொல்லைச் சொல்லுகிறார்கள், இரண்டிலும் பொய் இல்லை என்றால் அதில் வேறு ஏதோ இருக்கிறது. அந்த வேறு என்ன என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்ள அவர் ஆயத்தமாயில்லை. வாடகைக் காரில் ஏறி நேரே கடவைக்கே போனார்.

விளக்கு நிமிர்ந்து நிற்கவில்லை. படுத்திருந்தது. ஆலைக்குப் போகும் நீராவிக் குழாய் சாலைக்கு மேலே தாழ்வாகப் போனதால், அதற்குக் கீழே இரண்டு கண்ணாடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்தியிருந்தார்கள். இடது பக்கம் எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத பச்சை.

சற்றுப் பொறுத்துத் தோப்புக்குள்ளிருந்து வேறொரு லோகோ வந்தது. ஓட்டிவந்தவன் எட்டிச் சுவிட்சை அமுக்கினான். இடது பக்கம் அணைந்தது. வலது பக்கம் சிவப்பு எரிந்தது.

வெயிலில் நின்ற வைரவநாதர் தமது தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

ஆலையில் பழுதுபார்க்கும் பகுதியின் மேற்பார்வையாளரைக் கண்டு விசாரித்தார். ஆலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர்கள் ஜப்பானில் கழற்றிய பழைய விளக்குகளைக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். அந்த ஊரில் விளக்கைப் படுக்க வைத்தால் சிவப்பு வலது பக்கந்தான். வண்டி சாலையின் இடப்பக்கம் போவதால் ஓரத்து மரக்கிளை விளக்கின் இடது முனையை மறைத்தாலும், நடுச்சாலைப் பக்கம் இருக்கிற சிவப்பு எப்போதும் தெரியவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல கணக்குத்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வைரவநாதரும் மகாதேவாவும் வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தாயில். அங்கே ஈயக் கம்பெனியின் தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடத்திலும் ஒரு விளக்கு படுத்துத்தான் கிடந்தது. அதை வைத்தவன் அமெரிக்காவிலிருந்து வந்த எஞ்சினியர். எழுத்தை இடமிருந்து படிப்பதுபோல, முதலில் நில் என்பது, பிறகு போ என்பது. அங்கே சிவப்பு இடது பக்கம். ஒரே சிவப்பை ஒவ்வொரு தேசத்தான் ஒவ்வொரு பக்கம் வைத்திருக்கிறான். சிவப்பைச் சிவப்பாகக் காண்கிறவனுக்கு அது எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

மகாதேவாவுக்குத் தெரியாது.

அந்தக் குடும்பத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. அம்மான் கண். தாயாரின் தமையனுக்கு அது இருந்தது. யாழ்ப்பாணத்தில் ரயில் கார்டு வேலைக்குப் போனவரை இரண்டு கொடிகளைக் காட்டிச் சோதித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் ஏன் திரும்பி வந்தார் என்பதை ஊருக்கு மறைத்து, அவருக்குக் கலியாணமும் செய்து வைத்துவிட்டார்கள். மகாதேவா சிறுவனாக இருந்தபோது பழுத்த மிளகாய் பறிக்கப் போய்க் காயும் பழமுமாய்க் கொண்டுவந்த அன்றைக்குத் தாயார் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இது இந்த வீட்டுச் சுவருக்கு வெளியே போகக்கூடாது என்று இரு பிள்ளைகளிடமும் சத்தியம் வாங்கினாள். மூத்தவருக்குக் கண் சரியாக இருந்தது. இளையவருக்கு அவர் கண்ணாக இருந்தார். கார் ஓட்டப் பழகிய காலத்தில் அவர்தான் விதி வகுத்துக் கொடுத்தார்: நிற்கிற விளக்கென்றால் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. படுத்த விளக்கென்றால் இடது நில், வலது போ. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பத்தாங் பெர்ஜுந்தாயிலும் அந்த விதி பிசகவில்லை. மகாதேவா அத்தனை வருஷமும் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினார். சட்டைக்குப் பொருத்தமான கழுத்துப்பட்டியை வாகீஸ்வரி எடுத்து வைப்பாள். கமலாதேவிக்குக்கூட அது வளர்ந்த பிறகே தெரியும்.

சபாக் பக்கத்துக் கடவையில் வலது பக்கம் எரிந்தது. விதிப்படி மகாதேவா போனார்.

இதைத்தான் வைரவநாதர் அன்று கூடத்தில் எழுந்து நின்று எல்லாருக்கும் சொன்னார். சொல்லி முடிக்கும் வரை மகாதேவா தலை நிமிரவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப அந்த மனுசன் அமத்தினவர்தானே அண்ணை?"

"ஓம். அமத்தினவர்."

மகாதேவா விலாவைப் பிடித்துக்கொண்டு விம்மினார். வாகீஸ்வரி தண்ணீர் கொண்டுவர எழுந்தாள்.

முதலில் பேசியவர் கதிரவேலு. கெட்டிக்காரர், தரகு பேசாமலே ஒன்பது கலியாணத்தை ஒப்பேற்றியவர் என்று தமக்குத் தாமே பட்டம் கொடுத்துக்கொண்டவர். அமலதாஸைப் பழியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதை அவரும் மறுக்கவில்லை. அது பாவம், அதை யாரும் சுமக்க வேண்டாம் என்றார். ஆனால் அதற்குக் கண் கதையை ஏன் அவிழ்க்க வேண்டும்? மாப்பிள்ளை டாக்டர். தகப்பனுக்கு இருந்தால் மகள் வழியாகப் பேரனுக்கு வரும் என்பது அவனுக்குப் பாடம். கார்த்திகேசு வீட்டில் மட்டுமல்ல, இந்த நாட்டில் யாழ்ப்பாணத்து நம்மவர் வீடு எதிலும் பிறகு கமலாதேவிக்குக் கதவு திறக்காது. இப்படிச் சொல்லிவிட்டுக் கதிரவேலு குரலைத் தாழ்த்தினார்.

"அத்தான், நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதேங்கோ. அந்தக் கிராணி வீட்டில இவருக்கு விஸ்கி ஊத்திக் குடுத்தவை எண்டு சொல்லுவம். சந்தோசத்தில ரெண்டு கிளாஸ் கூடிப் போச்சு, விளக்கைக் கவனிக்கேல்லை. அவ்வளவுதான். அமலதாஸுக்கும் பழி போகும், எங்களுக்கும் பெட்டை கரையேறுவாள். குடி எண்டது ஒரு நாள் குற்றம். கண் எண்டது தலைமுறைக் குற்றம்."

அந்த யோசனையில் இருந்த அறிவு எல்லாருக்கும் தெரிந்தது. அதுதான் பயங்கரம். தங்கரத்தினம் தம்பியைப் பார்த்த பார்வையில் மெச்சுதல்கூட இருந்தது. மகாதேவா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நான் சொல்லுறன். குடிச்சனான் எண்டு சொல்லுறன். மறியலுக்குக் கம்பி எண்ணப் போனாலும் போறன். பிள்ளையின்ர வாழ்க்கை கெடக்கூடாது."

வாழ்நாளில் கள்ளும் சாராயமும் தொடாதவர் அவர். கோயில் திருவிழாவில் தீர்த்தக் குடத்தைத் தூக்குகிறவர். தகப்பனார் காலத்திலிருந்து அந்த வீட்டுக்குள் ஒரு போத்தல் வந்ததில்லை. வைரவநாதருக்கு முதலில் பொங்கி எழுந்தது அந்தக் கர்வம்தான். எங்கள் வீட்டுக்குக் குடிகார வீடு என்ற பெயரா? ஆனால் கர்வம் பேசி முடித்த பிறகு, அதற்கு எதிரே கமலாதேவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கை கோத்து, நேராக. இந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவதற்கு ஒரு சின்னப் பொய்தான் விலை என்றால், கொடுக்காமல் இருக்க இவர் யார்? குடும்ப மானம் என்பது பெண் பிள்ளைகளின் வாழ்வைக் காப்பதற்குத்தானே? சத்தியம் வாங்கிய தாயார் இருந்தால் எதைச் சொல்லச் சொல்லுவாள் என்பதில் அவருக்கு எள்ளளவும் ஐயமில்லை.

அவருக்கு முந்திக் கமலாதேவி பேசினாள்.

"பெரியப்பா, நான் ஒண்டு கேக்கலாமே?"

"கேள்."

"எனக்கு ஒரு ஆம்பிளைப் பிள்ளை பிறந்து, அவனுக்கும் இது இருந்தா, அவனுக்கு எந்தப் பக்கம் சிவப்பு எண்டு ஆர் சொல்லிக் குடுக்கிறது? நீங்களே? நான் புருசனுக்கு மறைச்சுக்கொண்டு, அடுப்படியில வைச்சுச் சத்தியம் வாங்கிறதே?"

கதிரவேலு சிரிக்கப் பார்த்தார். "பிறக்காத பிள்ளைக்குக் கார் வாங்கிக் குடுக்கிறாள் இவள்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. "மாமா சொல்லுறதைத்தான் முந்தியும் செய்தவை. அம்மான்ர காலத்தில மறைச்சவை, அப்பாவின்ர காலத்தில மறைச்சவை. இப்ப ஒரு மனுசனுக்குக் கால் இல்லை."

வைரவநாதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இடது நில், வலது போ. அவர் வகுத்த விதி. தம்பியைக் காப்பதாக நினைத்து வகுத்தது. அதைவிட அன்றே, உனக்குக் கண் பழுது, நீ கார் ஓட்டாதே, பஸ்ஸில் போ என்று சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். சிரித்துவிட்டுப் போயிருக்கும்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது முடிவோடு வந்தார். "குடி எண்ட கதை இந்த வீட்டில இனிக் கதைக்கக் கூடாது. உள்ளதைத்தான் சொல்லுறது. ஆனா விசாரணையில சொல்ல முந்திச் சிரம்பானில சொல்லோணும். ஊர் வாயால அவை கேட்கக் கூடாது. நானே போறன்."

கதிரவேலு அவ்விடத்திலேயே சால்வையை உதறித் தோளில் போட்டார். தாம் பேசி முடித்த கலியாணத்தைக் குலைக்கத் தம்மையே வண்டி பிடித்துக் கொடுக்கச் சொல்லுகிறீர்களா என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றாள் தங்கரத்தினம். அவர் போய்விட்டார்.

சிரம்பானில் கார்த்திகேசு நல்ல மரியாதைக்காரர். கோப்பி கொடுத்தார். சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடிந்ததும், இந்த நாட்டில் யாரும் வலிய வந்து இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றார். அந்தச் சொல்லில் வைரவநாதருக்கு ஒரு கணம் நம்பிக்கை துளிர்த்தது. பிறகு கார்த்திகேசு எழுந்து சுவாமி அறைக்குள் போனார். திரும்பி வரும்போது வெற்றிலைத் தட்டத்தில் கமலாதேவியின் சாதகக் குறிப்பு இருந்தது. மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்து மூடியிருந்தார்.

சாதகத்தைத் திருப்பிக் கொடுத்தால் வேறு வார்த்தை தேவையில்லை. அதுதான் நம்மவர் வழக்கம். வாங்குகிறவர் காரணம் கேட்பதும் இல்லை.

"என்ர பொடியன் டாக்டர்," என்றார் கார்த்திகேசு. "எனக்கு விளங்காட்டி நான் ஓம் எண்டிருப்பன். அவனுக்கு விளங்கும். அதுதான் கஷ்டம்."

வைரவநாதர் தட்டத்திலிருந்ததை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். விடைபெறும்போது தலை குனியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் எலுமிச்சம்பழம் சட்டைப் பையில் மணத்துக்கொண்டிருந்தது. கிள்ளான் வந்தபோது அதை வெளியே எறிய நினைத்தார். எறியவில்லை.

கமலாதேவி குறிப்பை வாங்கிச் சுவாமிப் படத்தடியில் வைத்தாள். அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. மறுநாள் எழுந்து வேலைக்குப் போனாள். கதிரவேலு வேலிக்கு அப்பால் நின்றே தங்கரத்தினத்திடம் சொல்லிவிட்டுப் போனார்: போனது போகட்டும், வெள்ளிக்கிழமை வாயை மூடினால் அடுத்த வரனையாவது பிடிக்கலாம், சிரம்பான்காரன் பெரிய மனிதன், வெளியே சொல்ல மாட்டான். அதுவும் உண்மைதான். இன்னும் திரும்பிப் போக ஒரு வழி இருந்தது. வைரவநாதர் அதைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

விசாரணை ஆலை அலுவலகத்தில் நடந்தது. தோட்ட மேலாளர், போலீசிலிருந்து ஒரு சார்ஜன், பழுதுபார்க்கும் மேற்பார்வையாளர், தொழிற்சங்கத்தவர் ஒருவர், ஊன்றுகோலோடு அமலதாஸ், பக்கத்தில் கான்ஸ்டன்ஸ். மகாதேவாவுக்காக அண்ணன் பேசலாமா என்று கேட்டு அனுமதி வாங்கினார்கள். வைரவநாதர் நின்றபடி, மலாயில், கடிதம் எழுதுவதுபோல ஒழுங்காகச் சொன்னார். அமலதாஸ் சுவிட்சை அமுக்கினார். விளக்கு சிவப்பாகத்தான் எரிந்தது. என் தம்பியால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாது. பிறவியிலேயே. அது எங்கள் தாய்வழி. எங்களுக்குத் தெரிந்தும் நாங்கள் மறைத்தோம்.

மேலாளர் நம்பவில்லை. படித்த குடும்பம் ஒன்று, கலியாணச் செய்தி சொல்லப் போன வீட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு ஆள். குடித்ததை மறைக்க இப்படி ஒரு கதையா என்று அவர் நேரடியாகவே கேட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் முந்தின நாள் நிறம் பிரித்தறியும் புள்ளிப் படங்களைக் காட்டிச் சோதித்தது பற்றி மகாதேவா சொன்னார். அதெல்லாம் இருக்கட்டும், நானே பார்க்கிறேன் என்றார் மேலாளர். கடவைக்கென்று வைத்திருந்த மாற்றுக் கண்ணாடிகள் இரண்டையும் கொண்டுவரச் சொன்னார்.

உள்ளங்கை அகலக் கண்ணாடிகள். ஜன்னல் வெளிச்சத்தில் மேசைமேல் ஒன்றின் நிறம் இரத்தம்போல் விழுந்தது, மற்றதினுடையது வாழையிலைபோல். மகாதேவாவைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தி, கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் சிவப்பை எடு என்றார்கள். முதல் தடவை பச்சையை எடுத்தார். அடுத்த தடவை சிவப்பை எடுத்தார். பிறகு மறுபடி பச்சை. கடைசியில் இரண்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ரெண்டும் காய்ஞ்ச இலை மாதிரித்தான் தெரியுது," என்று தமிழில் சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. அமலதாஸைப் பார்த்துத்தான் சொன்னார் போலிருந்தது.

அவர் விரலிடுக்கில் சிவப்பும் பச்சையும் வழிவதை அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கண்டார்கள். அவர் ஒருவர்தான் காணவில்லை. வைரவநாதர் அசையாமல் நின்றார். அந்தக் குடும்பத்தவர் பிறர் முன்னால் அப்படி நின்றதில்லை. தாம் கண்ணை அகற்றினால் அது தம்பியைத் தனியே விட்டதாகும்.

அமலதாஸ்மேல் குற்றமில்லை என்று அன்றே எழுதினார்கள். வாசலில் கான்ஸ்டன்ஸ் வைரவநாதரை நிறுத்தினாள்.

"கிராணி, ஆஸ்பத்திரில பேசுனேன்ல. அதுல பாதிய வாபஸ் வாங்கிக்கிறேன்."

அவர் காத்திருந்தார்.

"மீதிய வாங்க மாட்டேன். தெரிஞ்சே மறைச்சீங்க. காலு போனது போனதுதான்."

"வாங்க வேண்டாம்," என்றார் வைரவநாதர். "அது எங்களிட்டையே இருக்கட்டும்."

அவள் புருஷனின் அக்குளில் கை கொடுத்துப் படி இறங்கினாள்.

அமலதாஸுக்கு எடைக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். லயத்து வீடும் நிலைத்தது. மகாதேவா ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழக்கில் விதித்த தண்டனையையும் ஏற்றுக்கொண்டு, அதன்பின் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போனார். தோட்டத்தார் கடவையிலிருந்த விளக்கைக் கழற்றிக் குழாயைத் தாண்டி ஓர் உயர்ந்த கம்பம் நட்டு, சிவப்பை மேலே வைத்து நிமிர்த்தினார்கள். கமலாதேவிக்கு வரன் பேச வந்தவர்களிடம் அவளே முதல் வார்த்தையாக அதைச் சொன்னாள். வந்தவர்களில் சிலர் கோப்பிகூடக் குடிக்காமல் எழுந்துபோனார்கள்.

ஊர் வேறு விதமாகப் பேசியது. உண்மையை நம்புவது ஊருக்கு எப்போதும் கஷ்டம். அதில் ருசி இல்லை. கண்ணாம், இடதாம், வலதாம், யாரிடம் கதை விடுகிறார்கள்? வாத்தியார் குடித்து நிறை வெறியில் வந்து ஒருவரின் காலை எடுத்தார், அண்ணன்காரர் படித்த மூளையால் ஒரு நோயைக் கண்டுபிடித்து மூடிவிட்டார், அது தெரிந்துதான் சிரம்பான்காரர் சாதகத்தைத் திருப்பினார். இந்தக் கதையை முதலில் அவிழ்த்துவிட்டது யார் என்பது வைரவநாதருக்குத் தெரியும். அந்த வீட்டுக் கூடத்துக்கு வெளியே குடி என்ற சொல்லைக் கொண்டுபோகக்கூடியவர் ஒருவர்தான் அன்று அங்கே இருந்தார். அவர் பெயரை வைரவநாதர் யாரிடமும் சொன்னதில்லை, தங்கரத்தினத்திடமும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் கோலசிலாங்கூரில் ஒரு செத்த வீட்டில், பந்தலுக்குக் கீழே ஆண்கள் உட்கார்ந்திருந்தபோது, பின்வரிசையில் யாரோ அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். மகாதேவாவும் அங்கே இருந்தார். கையிலிருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வைரவநாதர் எழுந்து நின்றார். கதிரவேலு தரையைப் பார்த்தார்.

"நீங்கள் கேள்விப்பட்டது பிழை," என்றார் வைரவநாதர். "என்ர தம்பி அண்டைக்குக் குடிக்கேல்லை. அதுக்கு முந்தியும் குடிக்கேல்லை, பிந்தியும் குடிக்கேல்லை. அவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது."